பதினொரு தூசிகள்

ஒரு கூட்டத்தில் முதலில் எழுந்து நிற்கப்போவது யார் என்பதை, அவர் எழுவதற்கு மூன்று வாரம் முன்பே சொல்லிவிடும் கணக்கு ஒன்றை சுபாஷிணி எழுதினாள். எழுதிய காலத்தில் அவளுக்கு அதில் கூச்சம் எதுவும் இருக்கவில்லை. பெருமைதான் இருந்தது.

அவள் இயற்பியலில் முனைவர். தண்ணீர் எந்த இடத்தில், எதனால் பனிக்கட்டியாகத் தொடங்குகிறது என்பதில் ஏழு வருட ஆராய்ச்சி. பிறகு ஒரு கல்லூரியில் ஆறு வருடம் கௌரவ விரிவுரையாளர். ஒரு ஜூன் மாதம் அந்த வேலையும் போனது. சென்னையில் நிர்வாக ஆலோசனைக் கம்பெனி நடத்திவந்த நிரஞ்சன் அவளுடைய பழைய கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டுக் கூப்பிட்டான்.

"உங்க கட்டுரையில தண்ணின்னு வர்ற இடத்துல எல்லாம் ஆளுங்கன்னு போட்டுப் பாருங்க மேடம்" என்றான்.

போட்டுப் பார்த்தாள். கணக்கு பொருந்தியது.

முதல் பெரிய வேலை தூத்துக்குடியில் வந்தது. துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஓர் இறால் பதப்படுத்தும் ஆலை. உரிக்கும் கூடத்தில் மட்டும் இருநூற்றுச் சொச்சம் பெண்கள், நீண்ட எஃகு மேசைகளின் இருபுறமும் முக்காலிகளில் உட்கார்ந்து, ஐஸ் தண்ணீரில் கைவிட்டு இறால் உரிப்பார்கள். மேலாளர் தனசிங் தன் அறையில் அவளுக்கு மோர் வரவழைத்துக் கொடுத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"போன வருசம் மூணு தடவ எல்லாரும் வேலையைப் போட்டுட்டு எந்திரிச்சிட்டாளுவ மேடம். ஒரு தடவ கையுறை கிழிஞ்சிருக்குன்னு. ஒரு தடவ கக்கூஸுக்குப் போவ நேரம் பத்தலன்னு. மூணாவது தடவ எதுக்குன்னு எனக்கே வெளங்கல. எவ ஆரம்பிச்சான்னு கேட்டா எல்லாவளும் நாந்தான்ங்கா. எனக்கு அது மட்டும் தெரிஞ்சா போதும்."

சுபாஷிணி காலையிலேயே அவருடைய உறைபெட்டியில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை மெதுவாக எடுத்து மேசைமேல் வைத்தாள். உள்ளே தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

"இது இப்ப பூஜ்யத்துக்குக் கீழே எட்டு டிகிரி சார். சுத்தமான தண்ணி, ஆட்டாம வெச்சா இப்படியே இருக்கும். உறையறதுக்கு எல்லாம் தயாரா இருக்கும், ஆனா முதல்ல எங்கயாவது ஒரு புள்ளி ஆரம்பிக்கணும். ஒரு தூசி போதும்."

மூடியைத் திறந்து ஒரு பொடி ஐஸைப் போட்டாள். பொடி விழுந்த இடத்திலிருந்து வெள்ளை கிளம்பி, மூச்சு விடுவதற்குள் பாட்டில் முழுதும் இறுகியது. தனசிங் "ஏயப்பா" என்றார்.

"ஆளுங்களும் இப்படித்தான். குறை எல்லாருக்கும் இருக்கும். ஒருத்தர் எழுந்தாதான் மத்தவங்க எழுவாங்க. அந்த ஒருத்தர் யாருன்னு நாங்க கண்டுபிடிச்சுத் தருவோம்."

"அந்தத் தூசி இல்லன்னா?"

"உறையாது."

"எம்புட்டு குளிர்ந்தாலுமா?"

"ரொம்ப தூரம் வரைக்கும்."

அவர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். சுபாஷிணி அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்: "எங்க அறிக்கையோட நோக்கம் அவங்களை மேலே கொண்டுவரணும்ங்கறது சார். ஆளுங்க ஏற்கெனவே யாரைப் பாத்து நடக்கறாங்களோ அவங்களையே சூப்பர்வைசர் ஆக்கிட்டா நிர்வாகம் தானா ஓடும்."

"கண்டிப்பா மேடம், கண்டிப்பா" என்றார் தனசிங். பதில் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிட்டது. அது அவள் காதில் விழுந்தது. விழாததுபோல மோரைக் குடித்தாள்.

கருவி என்பது ஒரு தொப்பி. முடி விழாமலிருக்கப் பெண்கள் வழக்கமாகப் போடும் தொப்பியேதான். நெற்றிக்கு மேலே மொச்சைக்கொட்டை அளவில் ஒரு வில்லை மட்டும் புதிது. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, யார் பேசும்போது யாருடைய கை நிற்கிறது, மூச்சு எப்போது மாறுகிறது என்பதையெல்லாம் அது விநாடிக்கு விநாடி அனுப்பும். முதல் நாள் ஆரம்பத்தில் யாரும் அதைத் தொடவில்லை. தொப்பிகள் மேசை ஓரத்தில் குவிந்து கிடந்தன.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். நாற்பதைத் தாண்டிய, ஒல்லியான, சத்தமாகப் பேசாத பெண். விரல் நுனிகள் வெளுத்துத் தோல் உரிந்திருந்தன. பெயர் அமலோற்பவம்.

"என்ன மேடம் இதுக்குள்ள? கேமராவா?"

"இல்லக்கா. யாருக்கு எவ்வளவு குளிருதுன்னு பாக்கறதுக்கு. கூடத்துக் குளிரைக் கொஞ்சம் சரிபண்ணலாம்னு."

அது நிரஞ்சன் எழுதிக்கொடுத்திருந்த வாக்கியம். அமலோற்பவம் அவள் முகத்தையே பார்த்தாள்.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"அப்பம் சரி. படிச்ச பொம்பள, நம்மகிட்ட வந்து பொய்யா சொல்லப் போறாவ" என்று தன் வரிசையைப் பார்த்துச் சொல்லிவிட்டு அமலோற்பவம் ஒரு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டாள். பக்கத்து முக்காலியில் இருந்த பேச்சித்தாய் என்கிற இளம்பெண், "எக்கா, நான் பாடுததும் இதுல கேக்குமா?" என்று சிரித்துக்கொண்டே இன்னொன்றை எடுத்தாள். பத்து நிமிடத்தில் குவியல் காலி.

மூன்று வாரம் அங்கே இருந்தாள் சுபாஷிணி. மதியம் பெண்களோடுதான் சாப்பாடு. அமலோற்பவம் தன் டப்பாவிலிருந்து ஊளிக் கருவாட்டைப் பிய்த்து அவள் தட்டில் வைப்பாள். பட்டியலின் முதல் பெயருக்கு மூன்று வாரம் தேவைப்பட்டிருக்கவில்லை. முதல் நாள் அந்தப் பத்து நிமிடத்திலேயே வந்துவிட்டது. மற்ற பத்துப் பெயர்கள் மெல்ல மெல்லத் துலங்கின. அவர்களில் அதிகம் பேசுகிறவர் என்று யாரும் இல்லை. ஒருத்திக்குச் சரியாகக் காதுகூடக் கேட்காது. ஆனால் அவர்கள் கை நின்றால் சுற்றிலும் பத்துக் கைகள் நின்றன. பதினொரு பெயர்களையும் அறிக்கையில் போட்டு, 'இயல்பான தலைவர்கள்' என்று தலைப்புக் கொடுத்து அனுப்பினாள்.

நான்கு மாதம் கழித்து விளைவை அளக்க மறுபடி போனபோது கூடத்தில் பாட்டுச் சத்தம் இல்லை. இறால் ஓடு தொட்டியில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அமலோற்பவத்தின் முக்காலியில் வேறு யாரோ இருந்தார்கள்.

தனசிங் மிகுந்த மகிழ்ச்சியில் இருந்தார். தன் அறையில் சாப்பாடு போட்டார். பெரிய இறால்களை மிளகு போட்டு வறுத்துக் கொண்டுவந்து வைத்தார்கள்.

"அந்தப் பதினொரு பேரும் எங்க சார்? ட்ரெயினிங்ல இருக்காங்களா?"

"போயிட்டாளுவ மேடம்." அவர் அவள் தட்டில் இன்னும் இரண்டு இறாலை வைத்தார். "ஒரேயடியா அனுப்பினா சத்தம் வரும்லா. ஒருத்தி லேட்டுன்னு, ஒருத்தி போன் வச்சிருந்தான்னு, ஒருத்திக்கு அந்தச் செவிட்டுக் காதைச் சொல்லி. ரெண்டு மாசத்துல ஒண்ணொண்ணா. ஒரு பயலுக்கும் தெரியல."

"சூப்பர்வைசர் ஆக்கணும்னுதான் எழுதியிருந்தேன்."

"அவளுவளை சூப்பர்வைசர் ஆக்கிட்டா பொறவு நான் யாரு மேடம்?" என்று சிரித்தார். "தூசி இல்லன்னா உறையாதுன்னு நீங்கதான சொன்னீய. அதுக்குப் பொறவு ஒரு நாள் ஒருத்தி எந்திரிக்கல. கையுறை குடுக்கதையே நிறுத்திட்டேன், ஒருத்தியும் கேக்கல. சாப்பிடுங்க, ஆறிடும்."

சுபாஷிணி சாப்பிட்டாள். எழுந்து போயிருக்கலாம், தட்டை நகர்த்தியாவது வைத்திருக்கலாம். உரித்த விரல்களின் நினைவோடு ஒவ்வொரு இறாலாக மென்று விழுங்கினாள். நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னாள். திரும்பும் ரயிலில் மூன்று தடவை கை கழுவியும் நாற்றம் போகவில்லை. நாற்றம் கையில் இருக்கிறதா என்பதே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

நிரஞ்சனிடம் சொன்னாள். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"அது அவங்க ஹெச்.ஆர். முடிவு சுபா. நாம வெறும் தெர்மாமீட்டர். காய்ச்சல்காரனை என்ன பண்றதுன்னு தெர்மாமீட்டரா சொல்லும்?" பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னும் இருபத்திரண்டு ஆலை கேட்டிருக்காங்க. எல்லாமே தனசிங் சொல்லித்தான்" என்றான்.

அவள் ராஜினாமாக் கடிதம் ஒன்று எழுதினாள். அனுப்பவில்லை. இருபத்திரண்டில் ஆறு ஆலைகளுக்குப் பட்டியல் தயாரித்தும் கொடுத்தாள்.

சென்னையிலிருந்தே அந்தக் கூடத்தைத் திரையில் பார்த்துவந்தாள். பெண்களின் மனக்குறை ஏற ஏற, அதைக் குளிராகக் காட்டும் கோடு நாளுக்கு நாள் கீழே இறங்கிக்கொண்டே போனது. தண்ணீராக இருந்தால் எப்போதோ உறைந்திருக்க வேண்டிய ஆழம். இப்படிப்பட்ட நிலையில் சின்ன அதிர்ச்சி போதும், தூசியே இல்லாமல் மொத்தமும் ஒரே நொடியில் இறுகிவிடும் என்பது அவளுடைய ஆராய்ச்சியிலேயே இருந்தது. ஆகவே கலவரம் வரும் என்று நினைத்தாள். தனசிங்கை எச்சரிக்கத்தான் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு மூன்றாம் முறை தூத்துக்குடிக்குப் போனாள். அந்த நொடியை நேரில் பார்க்கும் ஆசைதான் அவளைக் கூட்டிப்போனது என்பதைப் பிற்பாடு தனக்குத்தானே ஒப்புக்கொண்டாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. முற்பகல் பதினொரு மணி. கூடத்தின் ஓரத்தில் உள்ள கண்ணாடி அறையில் திரையைப் பார்த்தபடி அவள் நின்றிருந்தாள். சூப்பர்வைசர் குளிர்கிடங்குப் பக்கம் போயிருந்தார். தனசிங் ஊரிலேயே இல்லை.

ஆலையைக் குளிர்விப்பது அம்மோனியா. அதன் நெடி கொஞ்சமாக அடிப்பது அங்கே வழக்கம்தான். அன்று கொஞ்சம் கூடுதலாக அடித்தது. முதல் மேசையில் ஒருத்தி மூக்கைத் தோளில் தேய்த்தாள். அவள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் எதிரில் இருந்தவளைப் பார்த்தாள். கைகள் உரித்துக்கொண்டே இருந்தன. ஒரு நிமிடத்தில் கண்களில் நீர் வழியத் தொடங்கியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மறுபடி ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இவள் எழவில்லையே, அப்படியானால் பெரிதாக ஒன்றும் இருக்காது. எழுந்தால் நாளைக்கு லேட்டு என்றோ போன் என்றோ வேலைநீக்கச் சீட்டு வரும்.

கண்ணாடி அறைக்குத் தனிக் குளிர்சாதனம். நெடி உள்ளே லேசாகத்தான் வந்தது. திரையில் இருநூறு பேரின் மூச்சும் ஒரே நேரத்தில் மாறுவதை சுபாஷிணி பார்த்தாள். உடல் சிலிர்த்தது. இதோ, இதோ என்று மனம் சொன்னது. இப்போது எல்லோரும் ஒரே நொடியில் எழப்போகிறார்கள். அவள் எதையும் தொடாமல் காத்திருந்தாள். கைக்கெட்டும் தூரத்தில் சுவரில் அபாயச் சங்கை ஒலிக்கும் சிவப்புப் பொத்தான் இருந்தது.

யாரும் எழவில்லை. நான்கு நிமிடம் பத்து விநாடி யாருமே எழவில்லை. பிறகு கூரையோரக் குழாய் வாய்பிளந்தது. வெள்ளைப் புகை முதல் மூன்று மேசைகளின் மேல் இறங்கியபோது எழுந்தவர்களுக்குக் கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

நான்கு பேர் இறந்தார்கள். அதில் ஒருத்தி பேச்சித்தாய். முப்பத்தேழு பேருக்கு நுரையீரலோ கண்ணோ பாழாயிற்று.

அடுத்த வாரம் நிரஞ்சன் அவசரமாக ஓர் அறிக்கை கேட்டான். ஆலையின் வக்கீல் சொல்லியிருந்தார்: கதவு பூட்டப்படவில்லை, நெடி வந்தும் தொழிலாளர்களே நான்கு நிமிடம் நகரவில்லை, இதை எண்களோடு நிரூபித்தால் போதும்.

"நிரூபிக்கலாம்தானே?" என்றான்.

"நிரூபிக்கலாம்."

அந்த நான்கு நிமிடங்களின் பதிவை விநாடி விநாடியாக விரித்துப் பார்த்தாள். ஒவ்வொரு தலையிலிருந்தும் ஓர் அம்புக்குறி, அவர்கள் பார்த்த திசையில். முதல் நிமிடம் அம்புகள் எல்லாத் திசையிலும் சிதறிக் கிடந்தன. இரண்டாம் நிமிடம் சில, நீக்கப்பட்ட பதினொரு பேரும் முன்பு உட்கார்ந்திருந்த இடங்களை நோக்கிப் போய்த் திரும்பின. மூன்றாம் நிமிடத்திலிருந்து அவை ஒவ்வொன்றாக ஒரே பக்கம் சாயத் தொடங்கின. கடைசியில் இருநூற்றுப் பதினான்கில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு அம்புகள் ஒரு புள்ளியில் வந்து குவிந்திருந்தன. கூடத்துக்குள் அல்ல. ஓரத்தில், கண்ணாடிக்குப் பின்னால்.

அங்கே நின்றுகொண்டிருந்த ஒரே ஆள் அவள்தான். படித்த பொம்பள. ஆபத்து என்றால் மேடம் ஓடுவாள் என்று நூற்றுத் தொண்ணூற்றெட்டுப் பேர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளோ திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்புகள் குவிந்த அந்தப் பக்கத்தை அச்செடுத்தாள்.

"இதை எடுத்துடு" என்றான் நிரஞ்சன். "உனக்கே ஆபத்து."

அவள் அதை விசாரணை அதிகாரியிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். பதினொரு பேர் நீக்கப்பட்ட கதையையும் தன் பொய்யையும் சேர்த்து எழுதிக் கையெழுத்திட்டாள். பெண்கள்மேல் பழி விழாது என்பது ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல். விழவும் இல்லை. ஆலையின்மேலும் விழவில்லை. தொழிலாளர்கள் எதிர்பார்த்து நின்ற நபர் பொத்தானை அழுத்தவில்லை, அந்த நபர் ஆலையின் ஊழியர் அல்லர் என்று வக்கீல் அதே பக்கத்தைக் காட்டி வாதாடினார். பதினொரு பேரும் அவரவர் ஒழுங்கீனத்துக்காகத்தான் நீக்கப்பட்டார்கள் என்பதற்குச் சீட்டுகள் தயாராக இருந்தன. வழக்கு சுபாஷிணியின் பெயரில் மட்டும் பதிவாயிற்று.

ஜாமீனில் வந்த பிறகு அமலோற்பவத்தைத் தேடிப்போனாள். தெற்குக் கடற்கரைப் பக்கம் ஓட்டு வீடு. அமலோற்பவம் அவளை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சுபாஷிணி எல்லாவற்றையும் சொன்னாள். தொப்பியில் என்ன இருந்தது, பட்டியல், அம்புகள்.

"பேச்சித்தாயும் ஒங்களைத்தான் பாத்தாளா?"

"ஆமாக்கா."

அமலோற்பவம் வாசல் பக்கம் திரும்பித் துப்பினாள். பிறகு உள்ளே போய் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இது ஆலையிலருந்து வந்துச்சு. வாசிச்சுச் சொல்லுங்க."

அது நிரஞ்சனின் நடை. ஆலையில் 'முதல் எழுநர்' என்று புதுப் பதவி. சிவப்புத் தொப்பி. அபாய விளக்கு எரியும்போது அவர் முதலில் எழ வேண்டும், மற்றவர்கள் பின்தொடர்வார்கள். முன்னாள் ஊழியர்களான பதினொரு பேருக்கு முன்னுரிமை.

"வெளக்கு எரியாம எந்திரிச்சா? கையுறை குடுன்னு கேட்டு எந்திரிச்சா?"

"அது இதுல இல்லக்கா."

"நான் பயந்துக்கிட்டேதான் எந்திரிப்பேன், தெரியுமா மேடம்? மூணு தடவையும் காலு நடுங்குச்சு. வேல போயிரும்னு தெரிஞ்சுதான் எந்திரிச்சேன். அது அவளுவளுக்கும் தெரியும். அதான் எந்திரிச்சாளுவ." கடிதத்தை வாங்கி இரண்டாகக் கிழித்தாள். "இனிமே இந்தத் தெருவுக்கு வராதீய."

அமலோற்பவம் போகவில்லை. பதினொரு பேரில் காது கேட்காதவளுக்கு வேறு வழியில்லை. அவள் போய்ச் சேர்ந்தாள்.

ஒரு மாதம் கழித்து சுபாஷிணிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. கம்பெனியில் அவள் பெயரை இன்னும் மின்னஞ்சல் பட்டியலிலிருந்து எடுக்கவில்லை. அனுப்பியவர் தனசிங். ஒத்திகை நடத்தியதாகவும், விளக்கு எரிந்ததும் சிவப்புத் தொப்பி அணிந்தவர் விதிப்படி எழுந்து, கையை உயர்த்திச் சத்தம் போட்டதாகவும், கூடத்தில் ஒருவர்கூடத் தலையைத் திருப்பவில்லை என்றும், எல்லோரும் இறால் உரித்துக்கொண்டே இருந்தார்கள் என்றும் எழுதியிருந்தார். தொப்பியில் ஏதோ கோளாறு இருப்பதாகத் தெரிகிறது, உத்தரவாதக் காலம் முடிவதற்குள் ஆள் அனுப்பிச் சரிசெய்து தரவும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.